வேலை செய்யாத ள

கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவருக்கு யாருடைய முகமும் வாடும்படி பேசத் தெரியாது. பொருந்தாத கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிற்பவரிடம்கூட, இன்னொன்றும் எடுப்பாக இருக்கும் என்றுதான் சொல்வார். வாய்த்த மாப்பிள்ளையோ, மாமனார் தும்மினாலும் தன்மேல் கோபமோ என்று பதறுகிறவர்.

ஒரு நாள் கடைக்கு வந்த மாப்பிள்ளை, டம்ளரை மேசையில் வைக்கப் போய் டீ முழுவதையும் கீபோர்டின்மேல் கவிழ்த்துவிட்டார். பரவாயில்லை என்று மாமனார் எவ்வளவோ சொல்லியும் கேட்காமல், புது கீபோர்டு ஒன்றை வாங்கி அனுப்பிவைத்தார்.

போனில் கட்டைவிரலால் எழுத்தைத் தேடுவது மாமனாருக்கு ஆகாது. வாட்ஸ்அப்பும் கடைக் கம்ப்யூட்டரில்தான். புது கீபோர்டை மாட்டியதும் நன்றி சொல்ல உட்கார்ந்தார். 'மாப்பி' வரை வழுக்கிக்கொண்டு போனது. அதற்குமேல் ள விழவில்லை. அழுத்தினார், குத்தினார், கவிழ்த்துப் போட்டுத் தட்டினார். ள மசியவில்லை.

ஆசையாக அனுப்பியதை ஓட்டை என்று எந்த வாயால் சொல்வது? ளவுக்கு ல போட்டால் குடியா முழுகிவிடும்? ஆனால் 'வாருங்கல்' கண்ணை உறுத்தியது. அதை 'வரவும்' ஆக்கினார். இந்த லட்சணத்தில் நன்றியை எழுதுவானேன், நேரிலேயே சொல்லிக்கொள்ளலாம் என்று சுருக்கமாக அனுப்பினார்:

"மாப்பில்லை. கீபோர்டு வந்தது. ஞாயிறு வீட்டுக்கு வரவும். நேரில் பேசலாம்."

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வாசலிலேயே நின்றுவிட்டார். ஒரு கையில் பழக்கூடை, மறு கையில் இன்னொரு கீபோர்டு, முதலாவதைவிட உசத்தி. பின்னால் மகள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"தெரியாமக் கொட்டிட்டேன் மாமா. மாப்பே கிடையாதுன்னா நான் எங்க போவேன்?"

"நான் எப்ப மாப்பிள்ளை அப்படிச் சொன்னேன்?"

மகள் போனை எடுத்து, தீர்ப்பு வாசிப்பதுபோல நிறுத்தி நிறுத்திப் படித்தாள்: "மாப்பு... இல்லை. கீபோர்டு வந்தது." அதைப் பார்த்ததிலிருந்து மனிதர் தூங்கவுமில்லை, தன்னைத் தூங்க விடவுமில்லை என்றாள்.

மாமனாருக்கு வியர்த்துவிட்டது. வேறு வழியில்லாமல் ள விஷயத்தைச் சொன்னார். மாப்பிள்ளையின் முகம் இன்னும் தொங்கிப்போயிற்று.

"அப்ப நான் வாங்கினதே ஓட்டையா மாமா?"

"மத்த எழுத்தெல்லாம் முத்து முத்தா விழுது மாப்பிள்ளை," என்று மாமனார் அவசரமாகத் தேற்றினார். மாமியார் சிரிப்பை அடக்கமாட்டாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பழுதான கீபோர்டை வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுத்தார்கள். உசத்தியானது கடை மேசைக்குப் போனது. அதில் எல்லா எழுத்தும் விழுகிறது. ஆனாலும் நல்லதோ கெட்டதோ, சம்பந்தி வீட்டு விஷயம் எதுவானாலும் கண்ணாடிக் கடைக்காரர் இப்போது போனில்தான் பேசுகிறார்.