பாஞ்சாலி அக்காவின் முழுக்கைச் சட்டை

பாஞ்சாலி அக்கா சட்டையை இரண்டு தோளிலும் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கி, முதுகுத் துணி வழியாகச் சூரியனைப் பார்ப்பார். கண் கூசினால் சட்டை தள்ளுபடி. கூசாவிட்டால் கக்கத்துத் தையலை இழுத்துப் பார்ப்பார். பிறகு கழுத்துப்பட்டி நிமிர்ந்து நிற்கிறதா என்று பார்ப்பார். "இது சல்லடை. இதப் போட்டுக்கினு போறதுக்கு சும்மாவே போலாம்," என்று, சிட்டம்மாள் கொண்டுவந்த அவள் கணவரின் சட்டையை அவளிடமே திருப்பி வீசினார்.

"எங்க வூட்டுக்காரரு கல்யாணச் சட்டைடி அது!"

"கல்யாணமே நைஞ்சி போச்சி. சட்டை மட்டும் நிக்குமா?"

எங்கள் ஊர் உத்திரமேரூருக்குத் தெற்கே ஐந்தாவது கிலோமீட்டரில் இருக்கிறது. நாற்று நடவும் களை எடுக்கவும் எட்டுப் பெண்கள் கொண்ட குழு ஒன்று இங்கே உண்டு. பாஞ்சாலி அக்கா அதன் தலைவி. வயது நாற்பத்தெட்டு. வயலுக்குப் போகும்போது நூல் புடவை, அதன் மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை, தலையையும் முகத்தையும் சுற்றி ஒரு துண்டு. கண் மட்டும் வெளியே தெரியும். விரல் பக்கம் வெட்டிய பழைய காலுறையைக் கையில் மாட்டி, மணிக்கட்டை மூடிக்கொள்வார். பக்கத்து வரப்பிலிருந்து பார்த்தால் எட்டுப் பேரும் ஒன்றுபோலத்தான் இருப்பார்கள்.

அவருக்கு வெயில் ஆகாது. இரண்டு வருடமாகத் தோலில் வெயில் பட்டால் கால் மணி நேரத்தில் தடித்துச் சிவந்துவிடும். ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்து, மூடிக்கொண்டு போகச் சொன்னார்கள். "நடவுக்காரிய வெயில்ல போகாதன்னு சொல்ற டாக்டரு, மீனப் பாத்து தண்ணில எறங்காதன்னும் சொல்லுவாரு," என்பார். ஆனால் மூடிக்கொள்வதில் ஒரு நாளும் தவறியதில்லை.

நடவு முடிந்த சித்திரையில் குழு ஒரு நாள் ஊர் சுற்றப் போகும். இந்த வருடம் பழையசீவரம் மலைக்கோயில். காலையில் இலவச பஸ், மலையேற்றம், பாலாற்று ஓரத்தில் புளிச்சோறு, சாயங்காலம் திரும்புதல். போன வருடம் வேறு ஊருக்கு நல்ல புடவையோடு மட்டும் போய், ஐந்து பேர் தலைவலியோடு திரும்பினார்கள். அதனால் இந்தமுறை பாஞ்சாலி அக்கா சட்டம் போட்டார்: நைலக்ஸ் புடவை கூடாது, மெல்லிசு வெள்ளை கூடாது, ஈரத் துண்டு கூடாது. "ஈரத் துணி கண்ணாடி மாதிரி. வெயிலு நேரா உள்ள வந்து குந்திக்கும்."

குழுவில் இளையவள், மணிகண்டனின் மனைவி திவ்யா அழாத குறையாகக் கேட்டாள். "போட்டோ எடுக்கத்தானே போறோம்? பட்டு மேல மணிகண்டன் சட்டையப் போட்டுக்கினா, போட்டோல நான் எங்க கீறன்னு நானே தேடணும்."

"உச்சியில கழட்டு, படம் புடி, மறுபடி மாட்டு. வெயிலுக்கு உன் பட்டு தெரியாது."

எல்லோருக்கும் சட்டை அமைந்தது. பாஞ்சாலி அக்காவுக்கு மட்டும் இல்லை. தம்பி கொடுத்த பழைய சட்டை முதுகில் கிழிந்துவிட்டது. கணவர் தண்டபாணி அரைக்கை மட்டுமே போடுவார். "முழுக்கை போட்டா மாப்ள மாதிரி கீதாம். வெக்கப்படறான்," என்றார்.

அப்படித்தான் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

அப்பா டிராக்டர் ஓட்டினார். நான்கு மாதத்துக்கு முன் தூக்கத்தில் இறந்தார். காரியம் முடிந்ததும் இறந்தவர் துணியை யாருக்காவது கொடுத்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். நான் கொடுக்கவில்லை. ஆறு முழுக்கைச் சட்டைகள் உள்கொடியில் அப்படியே தொங்கின.

"பிரபா, அந்த நீலம் அங்க இன்னா பண்ணிக்கினு கீது?"

"இருக்குதுக்கா."

"இருந்து?"

அன்று அதோடு போய்விட்டார். அடுத்த ஞாயிறு மறுபடி வந்தார்.

"செத்தவரு சட்டைக்கா. பயமா இல்லியா?" என்றேன்.

"உயிரோட இருந்தப்பவே டிராக்டர் மேல இருந்து 'பாஞ்சாலி, வரிசை கோணுது'ன்னு கத்துவாரு. நீ ஓட்டின சேறுதான் கோணுதுன்னு நான் கத்துவேன். இப்பவா பயந்துடப் போறேன்?"

நான் ஒரகடம் பக்கம் துணி ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். ஒரு துணி சூரியக் கதிரை எவ்வளவு தடுக்கிறது என்று அளப்பதும் அதில் சேர்த்தி. அந்த ஆறு சட்டைகளையும் நான் ஏற்கெனவே எடுத்துப்போய் அளந்திருந்தேன். அவற்றை வைத்து எதையாவது செய்ய வேண்டியிருந்தது. நீலம் முதலில் வந்தது: அடர்ந்த நிறம், தடித்த பருத்தி, துவைத்துத் துவைத்துச் சுருங்கி நெருங்கிய இழை. இதைச் சொன்னேன்.

"அத மிசினு வேற சொல்லணுமா?" என்றார்.

அப்போதும் நான் கொடுக்கவில்லை.

பயணத்துக்கு முந்தின சனிக்கிழமை வந்தவர் வாசலோடு நின்றார். "நான் போவல பிரபா. அவளுங்க போய்ட்டு வரட்டும். மலை மேல நெழலு கெடையாதாம்." அதில் கேலி இல்லை. கேலி இல்லாமல் அவர் பேசி நான் கேட்டதில்லை. உள்ளே போய் நீலச் சட்டையை எடுத்து வந்தேன்.

"நாளைக்கு ஒரு நாள்தான். சாயங்காலம் பஸ் ஸ்டாப்புக்கு வந்து நானே வாங்கிக்குவேன். அப்படியே உங்களையும் வீட்டுல விட்டுடறேன்."

"அடகு நகைய மீட்கற மாதிரி பேசற," என்று சொல்லி, சட்டையோடு ஓடியே போய்விட்டார்.

மறுநாள் ஐந்து மணிக்கு பஸ் வந்தது. ஸ்கூட்டியோடு நின்றேன். நாலைந்து கணவர்கள் பைக்கோடு நின்றார்கள். முகத்தைச் சுற்றிய துண்டுகளோடு எட்டுப் பேரும் தூக்கக் கலக்கத்தில் இறங்கினார்கள். நீலச் சட்டை படியிறங்கியது. உள்ளே இருப்பது யார் என்று நான் பார்க்கவில்லை. "ஏறுங்க," என்றேன். ஏறினாள். கிளம்பினேன்.

ஏரிக்கரையில் பாதி தூரம் போனதும் பின்னாலிருந்து குரல் வந்தது. "அக்கா, எங்க வூடு அப்பவே போயிடுச்சே?"

திவ்யா. மலை உச்சியில் படம் எடுக்கச் சட்டைகளைக் கழற்றி ஒரே பாறையில் குவித்திருக்கிறார்கள். குரங்குகள் வந்திருக்கின்றன. கைக்குக் கிடைத்ததை ஆளாளுக்கு மாட்டிக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள். மாற்றிக்கொள்ள யாருக்கும் பொறுமையில்லை. "மணிகண்டனுக்கு வேலை கீது, அதான் நீங்க வந்திருக்கீங்கன்னு நெனச்சேன்," என்றாள்.

வண்டியைத் திருப்பினேன். எதிரே மணிகண்டனின் பைக் பறந்து வந்தது. அவன் பின்னால், அவனுடைய கட்டம் போட்ட சட்டையில் பாஞ்சாலி அக்கா.

"கட்டின பொண்டாட்டி கனம் கூடத் தெரியலியாடா உனக்கு? பிரபாதான் உன்ன அனுப்புச்சின்னு நம்பி ஏறினேன், அவன் வூட்டுக்கே கூட்டினு போறான்!"

"உன் சட்டைய மட்டும் பாத்தா போதுமா? மூஞ்சியப் பாக்க மாட்டியா?" என்று திவ்யா கத்தினாள். "பின்னாடி குந்தினவ ஒரு கிலோமீட்டரு பேசாம வந்தாளே, அப்பவே அது நான் இல்லன்னு தெரிய வேணாம்?"

"இன்னிக்கு நிம்மதியா கீதேன்னுதான் நெனச்சேன்," என்றான் மணிகண்டன்.

நடுரோட்டில் நான்கு பேரும் சிரித்தோம். எனக்கு வயிறு வலித்தது. நான்கு மாதத்தில் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

சட்டைகள் கைமாறின. மணிகண்டனும் திவ்யாவும் சண்டை போட்டபடியே போனார்கள். பாஞ்சாலி அக்கா நீலத்தை உதறி, நாலாக மடித்து, இரண்டு கையாலும் நீட்டினார். "இந்தா. ஒரு பட்டன் கூடப் போவல." ஏரிக்கு மேல் சாய்ந்த வெயில் அவருடைய வெறும் கையில் விழுந்துகொண்டிருந்தது.

"போட்டுக்குங்கக்கா."

"வூடு வரைக்குமா?"

"இல்ல. நீங்களே வெச்சிக்குங்க."

அவர் மடிப்பைப் பிரித்துப் போட்டுக்கொண்டார். அப்பா ஆறடி, சட்டைக்கை ஒரு சாண் தொங்கியது. வளையலிலிருந்து ஓர் ஊக்கைக் கழற்றி, இடது கையைத் தன் அளவுக்கு மடித்துக் குத்திக்கொண்டார். இன்னொரு ஊக்கைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். வலது கையை நீட்டினார்.