சீனத்தம்மா கிழித்த படம்

எங்கள் வீட்டை ஒட்டிய அறைக்குக் குடிவந்த அன்று சீனத்தம்மா முதலில் பேசியது எங்கள் நாயோடுதான். வாசலை அடைத்துப் படுத்திருந்த அதைப் பார்த்து, "ஏனுங்க, கொஞ்சம் தள்ளிக்குங்க" என்றார். நாயும் தள்ளிக்கொண்டது. சேலத்தில் பல் வைத்தியம் பார்த்துவந்த சீனத்துக்காரர் ஒருவர் அவருக்குத் தம்பி முறை. கல்கத்தாவிலிருந்து வந்த சீனத்தம்மா கொஞ்ச காலம் அந்தத் தம்பி வீட்டில் இருந்து, பல்வலியோடு வந்தவர்களிடம் பேசிப் பேசித் தமிழ் கற்றிருந்தார். வலியோடு இருப்பவர்கள் யாரையும் மரியாதை குறைத்துப் பேசமாட்டார்கள் போலிருக்கிறது. அவருக்கு மரியாதை இல்லாத தமிழ் ஒரு வார்த்தைகூடத் தெரியாது.

அப்பா அப்போது ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். நான் நாலாம் வகுப்பு. எழுபதுகளின் நடுப்பகுதி.

சீனத்தம்மா மையால் படம் வரைகிறவர். வண்ணம் கிடையாது. கறுப்பு மைக்கட்டியைத் தண்ணீர் விட்டுக் கல்லில் உரைத்து, அந்த ஒரு கறுப்பிலேயே மலை, மரம், மழை எல்லாவற்றையும் கொண்டுவருவார். சின்ன வயதில் சீனாவில் அவருடைய தகப்பனாரிடம் கற்ற வித்தை. விடிந்ததும் கரடியூர்ப் பக்கம் நடந்துபோய் ஒரு பாறையில் உட்கார்ந்து மலையைப் பார்ப்பார். கையில் தாளும் இருக்காது, பென்சிலும் இருக்காது. பார்த்துவிட்டு வந்து, சுடுதண்ணீர் குடித்து, மையை உரைக்க ஆரம்பித்தால் அந்தச் சத்தம் எங்கள் அடுப்படி வரை கேட்கும். வரைவதோ ஒரு மூச்சில் முடிந்துவிடும். அந்தத் தாள் மையை உடனே உறிஞ்சிவிடும் என்பதால் அழிப்பதோ திருத்துவதோ முடியாது. பிடிக்கவில்லையென்றால் கிழித்துவிடுவார். அநேகமாகப் பிடிக்காது. அம்மா அந்தத் துண்டுகளை வாங்கி அடுப்புப் பற்றவைப்பாள்.

வினை என் மாமாவின் வாயால் வந்தது. பஸ் ஸ்டாண்டில் கடை வைத்திருந்த அவர், தங்கை வீட்டில் ஒரு பெரிய சித்திரக்காரி இருப்பதைப் பெருமையாகச் சொல்லிவந்தார். சேர்வராயன் மலையில் அந்தம்மா வரையாத இடமே இல்லை என்றாராம். பேச்சு நாலு வாய் மாறியதில் சித்திரம் மேப்பாகிவிட்டது. சீனத்துப் பொம்பளை மலை ரோட்டையெல்லாம் மேப்புப் போடுகிறாள் என்று, புதிதாக மாற்றலாகி வந்திருந்த இன்ஸ்பெக்டர் காதுக்குப் போயிற்று.

ஒரு மழை நாள் முற்பகலில் ஜீப் வந்தது. சத்தம் கேட்டதும் சீனத்தம்மா எழுந்து, யாரும் சொல்லாமலே கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார். குளிருகிறது போல என்று நினைத்தேன்.

இன்ஸ்பெக்டர் மரியாதையான மனிதர்தான். படங்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தாளில் பாதிக்கு மேல் வெறும் வெள்ளை. அதுவே அவருக்குச் சந்தேகத்தைக் கிளப்பிற்று. மலையிலிருந்து இறங்கும் குப்பனூர் ரோடு எங்கே என்று கேட்டார். ரோடெல்லாம் வரைவதில்லை என்றார் சீனத்தம்மா. அப்படியானால் தன் கண்முன்னால் ஒன்று வரைந்து காட்டச் சொன்னார் இன்ஸ்பெக்டர்.

"இன்னிக்கு நான் மலையைப் பாக்கலீங்க" என்றார் சீனத்தம்மா. "பாக்காம வரையமாட்டனுங்க."

வரையாவிட்டால் சேலத்துக்கு வந்து பெரிய அதிகாரியிடம் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும் என்றார் இன்ஸ்பெக்டர். அப்பா என்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அந்நிய ஆண்கள் எதிரில் வாய் திறக்காத என் அம்மா, கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு போட்டுக் காட்டிருங்கம்மா. எனக்காகங்க."

சீனத்தம்மா அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உட்கார்ந்து, கல்லில் தண்ணீர் விட்டு, மையை உரைக்கத் தொடங்கினார். உரைத்துக்கொண்டே இருந்தார். இன்ஸ்பெக்டர் முதலில் நின்றார். பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டு முக்காலியில் உட்கார்ந்து அம்மா கொடுத்த காப்பியைக் குடித்தார். மழை விட்டது. சீனத்தம்மா எழுந்து வாசலுக்குப் போய் மலையை ஒரு முறை பார்த்துவிட்டு வந்து, தூரிகையைத் தோய்த்தார். தோள் அசைந்தது, மணிக்கட்டு அசையவே இல்லை. கறுப்பாகத் தொடங்கிய கோடு போகப் போக வெளுத்து, புகையாகி, சேர்வராயன் மலை தாளின் மேல் பக்கத்தில் வந்து நின்றது. அத்தனை அழகான படத்தை அதுவரை நான் கண்டதில்லை.

"மலைக்கு அடிவாரம் எங்கீங்க?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். அவர் குரலிலும் மரியாதை ஏறியிருந்தது.

"மேகத்துக்குள்ள இருக்குதுங்க."

அவர் வாசலுக்குப் போய்ப் பார்த்தார். கீழே வெள்ளையாய் மேகம் தங்கியிருக்க, உச்சி மட்டும் தனியாக மிதந்துகொண்டிருந்தது. வெகுநேரம் நின்றுவிட்டு உள்ளே வந்து, அந்தப் படத்தைத் தனக்குத் தரமுடியுமா என்று கேட்டார். சீனத்தம்மா இல்லை என்று தலையாட்டினார். இன்ஸ்பெக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. இனி யாரும் தொந்தரவு செய்யமாட்டார்கள் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

ஜீப் வளைவு திரும்பியதும் சீனத்தம்மா படத்தை எடுத்து நெடுக்காகக் கிழித்தார். பிறகு குறுக்காக.

"அய்யோ, உங்களைக் காப்பாத்துனதே அதுதானுங்களே" என்றாள் அம்மா.

"இது பயந்த கை போட்டதுங்க" என்றார் அவர்.

அந்தத் துண்டுகளை அம்மா அடுப்புக்குப் போடவில்லை. நான் அவற்றைச் சோற்றுப் பசையால் ஓர் அட்டையில் ஒட்டி வைத்தேன்.

அதற்குப் பிறகு நெடுநாள் அவர் வரையவில்லை. கரடியூர்ப் பாறைக்கு மட்டும் தவறாமல் போய்வந்தார். அவருக்குப் படம் போடுவதே மறந்துவிட்டது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் திரிந்தேன். சீனாவோடு சண்டை வந்த வருஷம் கல்கத்தாவில் அவர் வீட்டு வாசலிலும் ஒரு ஜீப் வந்து நின்றது என்பதும், அவரும் கணவரும் சீனத்துக்காரர்களை அடைத்துவைத்த ராஜஸ்தான் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டு அவர் மட்டும் திரும்பிவந்தார் என்பதும் எனக்குக் கல்யாணமான பிறகுதான் அம்மா சொல்லித் தெரியும். அம்மாவிடம் அவர் அதை எப்போது சொன்னார் என்று தெரியாது.

காப்பி பூத்திருந்த ஒரு காலையில் மை உரைக்கும் சத்தம் மறுபடி கேட்டது. அம்மா தோசைக்கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். சற்று நேரத்தில் சீனத்தம்மா ஈரம் காயாத தாளை இரண்டு கையாலும் ஏந்திவந்து அம்மாவிடம் கொடுத்தார். "இது உங்களுக்குங்க" என்றார். அதே சேர்வராயன் மலை, கீழே அதே மேகம்.

அவர் போனதும் நான் ஓடிப்போய் ஒட்டுப்போட்ட பழைய படத்தை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தேன். மாறி மாறிப் பார்த்தேன். இரண்டும் ஒரே மாதிரிதானே இருக்கிறது என்று அம்மாவிடம் கேட்டேன்.

"இல்ல கண்ணு" என்றாள் அம்மா. அவள் கண் புதுப் படத்தைவிட்டு நகரவில்லை. எது வேறு, எங்கே வேறு என்று நான் அவள் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தேன்.