கருந்துளைக்கு ஒரு பஞ்சாயத்து

போன வாரம் அம்பாசமுத்திரத்தில் ஒரு பஞ்சாயத்து. வரப்புத் தகராறு என்று நினைத்துவிடாதீர்கள்... தகராறு கருந்துளையைப் பற்றி!

வங்கி அதிகாரி சிவராமன் என் நண்பர். அவர் மனைவி வள்ளி, பெண்கள் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. தூரத்து கேலக்ஸிகளின் நடுவே இருக்கும் ராட்சசக் கருந்துளைகளிலிருந்து ஜெட் என்னும் வாயுத் தாரை பீறிடுவதைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதியிருந்தேன் அல்லவா? பள்ளி அறிவியல் விழாவில் அதைப் பற்றிப் பேச வள்ளி தயாரானார்.

தலைமையாசிரியை வீட்டுக்கு வந்திருந்த நேரம் பார்த்து சிவராமன் சிரித்திருக்கிறார். "ஒளியே தப்பாத எடத்துலேருந்து ஜெட் வருதாம்! பிள்ளையளுக்கும் இப்படித்தான் பாடம் நடத்துதியா?"

தலைமையாசிரியைக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பேச்சாளரை மாற்றிவிட்டார். புதுப் பேச்சாளர் யார்? நான்தான்! எஸ்.டி.டி.யில் அழைத்தார்கள். நடந்த கதை தெரியாமல் நெல்லை ஜங்ஷனில் பஸ் ஏறிவிட்டேன்.

விழாவுக்கு முன் சிவராமன் வீட்டுக்குப் போனேன். காபியோடு சிவராமனின் கேள்வியும் வந்தது.

"ஜெட் எப்படி வே வெளிய வரும்?"

"உள்ள விழுந்தது வராது வே. விழுறதுக்கு முன்னாடி வெளியவே சுத்துத வாயு இருக்குல்லா? அது கொதிச்சு, காந்தப்புலத்துல மாட்டி, அதுல ஒரு பங்கு ரெண்டு பக்கமும் பீச்சியடிக்கும். ஏறக்குறைய ஒளி வேகத்துல."

"அட, இம்புட்டுதானா! வெளங்கிட்டு வே."

வள்ளி அடுக்களையிலிருந்து வந்தார். முகம் சிவந்திருந்தது.

"ஒரு வாரமா நானும் இதத்தான சொன்னேன்? அண்ணாச்சி சொன்னா மட்டும் வெளங்குதோ? என் பேச்சையும் பிடுங்கி அவங்களுக்கே குடுத்தாச்சு..."

அப்போதுதான் எனக்கு எல்லாம் தெரிந்தது. வந்த எரிச்சலில் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

"எந்திரியும் வே. நீரு கெடுத்ததை நீரே வந்து சரி பண்ணும்."

பள்ளியில் தலைமையாசிரியை முன் சிவராமன் நெளிந்தார். "எனக்குத்தான் வெளங்கல டீச்சர். அவ சொன்னது சரிதான்."

வள்ளியே பேசினார். அந்த ஜெட் தன் கேலக்ஸியையே தாண்டிப் போகும் என்றபோது மாணவிகள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள். என்னைவிட நன்றாகவே பேசினார். முதலில் கைதட்டியவர் சிவராமன்.

அத்தோடு முடிந்ததா? நன்றியுரைக்கு வந்தார் பள்ளிச் செயலாளர். "நம்ம டீச்சருக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்லிக்கொடுத்த எழுத்தாளர் ஐயாவுக்கு..."

மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கி, "நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை, ஐயா!" என்று கத்தினேன்.

அதற்கும் கைதட்டினார்கள் — என் தன்னடக்கத்துக்காம்!