வெறும் வயிற்றில் வந்த முயல்

அந்த ஆஸ்பத்திரியில் அவரை எல்லோரும் ஸ்ட்ரெச்சர்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். வார்டிலிருந்து ஆபரேஷன் தியேட்டர் வரைக்கும் நோயாளிகளைத் தள்ளிக்கொண்டு போவதும், முடிந்ததும் தள்ளிக்கொண்டு வருவதும் அவர் வேலை. வேலை என்னவோ தள்ளுவதுதான். ஆனால் அவருடைய பேச்சுக்கு அந்த வராந்தாவில் தனி மரியாதை உண்டு. முகம் வெளிறிப் படுத்திருப்பவரிடம் குனிந்து, "ஒண்ணும் ஆகாது. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள முடிஞ்சுடும். வெளியில நான்தான் நிப்பேன்" என்பார். முன்பின் தெரியாதவர்கள்கூட அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார்கள்.

ஊராருக்கெல்லாம் இப்படி ஆறுதல் சொல்கிற மனிதருக்கு, வீட்டு வாசல்படி தாண்டியதும் வாய்க்குப் பூட்டு விழுந்துவிடும். கட்டிய மனைவியிடம் "வேணும்", "வேண்டாம்", "அங்க வை" என்பதற்கு மேல் பேசிப் பழக்கமில்லை. பாசம் இல்லாமல் இல்லை. அவள் இருமினால் இவர் தூங்கமாட்டார். ஆனால் அதை வாய்விட்டுச் சொல்வது என்றால் மட்டும் மனிதருக்கு உயிர் போய்விடும்.

மகள் வெளிநாட்டில் குடித்தனம் நடத்துகிறாள். அவளுடைய பிரசவத்துக்குத் துணையாக மனைவி விமானம் ஏறினாள். கிளம்புகிற அன்று பெட்டியைப் பூட்டிக்கொண்டே, "தனியா இருந்துப்பீங்களா?" என்று கேட்டாள். "எனக்கென்ன குறை? நீ ஆற அமர இருந்துட்டு வா. அவசரமே இல்ல" என்றார் இவர். வெறும் வீறாப்பு. அவள் அதை அப்படியே நம்பிவிட்டாள் போலிருக்கிறது. பேத்தி பிறந்தாள், தவழ்ந்தாள், நடக்கவும் ஆரம்பித்துவிட்டாள். மனைவி திரும்பி வருகிற தேதி ஒருமுறை தள்ளிப் போயிற்று, பிறகு இன்னொரு முறையும் தள்ளிப் போயிற்று. இரண்டு முறையும் மகள்தான் போன் செய்து, "அம்மா இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டு வரட்டும்ப்பா" என்றாள். "பரவாயில்லம்மா, இருக்கட்டும்" என்று இவரும் சொல்லிவிட்டு, சமையல் மேடையில் கழுவிக் கவிழ்த்திருந்த ஒற்றைத் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் வரவேண்டும். அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான். டியூட்டி முடிந்து வந்து சாவியைத் திருப்பும்போது உள்ளே ஏதாவது பாத்திரம் உருளாதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். ஒரு வார்த்தை, "வந்துடு" என்று சொன்னால் முடிந்தது. ஆனால் பெரிய மனசு பண்ணி அனுப்பிவைத்தவர் எந்த முகத்தை வைத்துக்கொண்டு திரும்பக் கூப்பிடுவார்? கேட்டு, அவள் முடியாது என்றுவிட்டால்? அதனால் மனிதர் சுற்றுவழியாக ஒரு வேலை செய்தார். ஒரு முயலைக் கொண்டுவந்தார்.

முயல் வளர்க்க வேண்டுமென்பது கல்யாணமான நாளிலிருந்தே மனைவிக்கு ஆசை. "வீட்டுல ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று ஒரே போடாகப் போட்டு அந்தப் பேச்சை முடித்துவைத்தவர் இவர்தான். இப்போது, கைவிடப்பட்ட பிராணிகளை வைத்திருக்கும் காப்பகத்துக்கு அவரே தேடிப்போய், ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது சரிந்தும் இருந்த சாம்பல் நிற ஆண் முயல் ஒன்றைத் தத்தெடுத்துக்கொண்டு வந்தார். படம் பிடித்து மனைவிக்கு அனுப்பினார். ஒரு வரிகூட எழுதவில்லை.

அங்கே என்ன நேரமோ, உடனே வீடியோ கால் வந்தது.

"இது யார் வீட்டு முயல்?"

"நம்ம வீட்டுதுதான்."

"மூக்கைக் கிட்டக் காட்டுங்க" என்றாள்.

துரை என்று பேர் வைத்ததும் அவள்தான். அதுவரை ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை வந்துகொண்டிருந்த போன் தினமும் வர ஆரம்பித்தது. ஆனால் வந்தது யாருக்கு? "துரை எழுந்தாச்சா, துரை என்ன பண்றார், துரையைக் காட்டுங்க" என்பாள். துரை கால்மேல் கால் போடாத குறையாகப் படுத்துக்கொண்டு மூக்கை ஆட்டும். இவர் போனைப் பிடித்தபடி முட்டி வலிக்க உட்கார்ந்திருப்பார். இந்த வயதில் ஒரு முயலைப் பார்த்து வயிறெரிய வேண்டும் என்று தலையில் எழுதியிருக்கிறது, யார் என்ன செய்ய முடியும்?

காப்பகத்தில் சொல்லியனுப்பியபடி கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனார். மகள் வயதுதான் அந்த டாக்டருக்கு. "கொசு கடிச்சே பரவுற நோய் ஒண்ணு இருக்கு சார். வந்தா பெரும்பாலும் பிழைக்காது" என்று சொல்லித் தடுப்பூசி போட்டாள். துரை பின்னங்காலால் மேஜையை ஓங்கி ஒரு உதை உதைத்துத் தன் கண்டனத்தைத் தெரிவித்தது. ஊசி முடிந்த பிறகும் இவர் நகராமல் நின்றார்.

"வேற ஏதாவது சொல்லணுமா சார்?"

"என் காலையே சுத்திச் சுத்தி வருது டாக்டர். ஒரு மாதிரி முனகிக்கிட்டே வருது. செருப்பைக் கழட்டி வெச்சா அதையும் விடமாட்டேங்குது." சொல்லி முடிப்பதற்குள் அவருக்குக் காது சிவந்துவிட்டது.

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "வயசு சார். உங்க செருப்பு மேல அதுக்கு ஒரு இது. கருத்தடை ஆபரேஷன் பண்ணிட்டா இந்தத் தவிப்பு அடங்கிடும். கண்ட இடத்துல மூத்திரம் தெளிக்கறதும் குறையும். ஊசி உடம்புல சேரட்டும், அடுத்த மாசம் வெச்சுக்கலாம். ஆபரேஷனுக்கு முன்னாடி நீங்க என்ன பண்ணணும்னா..."

"எனக்கேவா டாக்டர்?" என்று இவர் குறுக்கே விழுந்தார். "நான் இருக்கறதே தியேட்டர் வாசல்லதான்."

தலையணைக்கடியில் பிஸ்கட்டை ஒளித்துவைத்த நோயாளிகளை எத்தனையோ முறை கையும் களவுமாகப் பிடித்தவர் அவர். "வெறும் வயிறா இருந்தாத்தான் டாக்டர் கத்தியை எடுப்பார், தெரியுமில்ல?" என்று அதட்டியிருக்கிறார். ஆகவே ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலமே துரையின் கூண்டிலிருந்து காய்ந்த புல், கீரை, தண்ணீர்க் கிண்ணம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். துரை கம்பியைக் கடித்துப் பார்த்தது. அவர் மனசைக் கல்லாக்கிக்கொண்டு திரும்பிப் படுத்தார்.

காலையில் டாக்டரின் மேஜைமேல் கூடையை வைத்து, கடமையைச் செய்த பெருமையோடு, "சுத்தமா வெறும் வயிறு டாக்டர்" என்றார்.

டாக்டரின் முகம் மாறியது. "தண்ணிகூடவா கொடுக்கல?"

"ஒரு சொட்டு கொடுக்கல."

"ஐயோ சார். அது மனுஷங்களுக்கு. முயலுக்கு வாந்தியே வராது. அது வயிறு எந்நேரமும் ஓடிட்டே இருக்கணும், நின்னா உயிருக்கே ஆபத்து. இன்னைக்கு நான் தொடமாட்டேன். போய் முதல்ல சாப்பிடக் கொடுங்க. நல்லாத் தின்னு, புழுக்கை ஒழுங்கா போடுதான்னு பார்த்துட்டு ரெண்டு நாள் கழிச்சுக் கொண்டு வாங்க."

அவருக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்து டாக்டர் கொடுத்த புல்லை ஒவ்வொன்றாக நீட்டினார். துரை ஒன்றையும் மனதில் வைத்துக்கொள்ளாமல் வாங்கிக்கொண்டது.

விஷயத்தைக் கேட்டு மனைவி போனில் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து அவர் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. சிரித்து ஓய்ந்ததும், "உங்களை நம்பி ஒரு முயலைக்கூட விட முடியாது போலிருக்கே" என்றாள். "இங்க பாருங்க, ஆபரேஷன் முடிஞ்சு அது சாப்பிடலைன்னா சொல்லுங்க. நான் கிளம்பி வந்துடறேன்." விளையாட்டாகத்தான் சொன்னாள். இவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

ஆபரேஷன் அன்று லீவு போட்டுவிட்டு வந்து வெளியே உட்கார்ந்திருந்தார். கதவு சாத்திக்கொண்டது. இத்தனை வருஷம் அந்த மாதிரிக் கதவோடு காலம் தள்ளியவர், இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பது என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார். "ஒண்ணும் ஆகாது" என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. பக்கத்தில் அவள் இருந்திருந்தால் ஏதாவது திட்டிக்கொண்டாவது இருப்பாள் என்று நினைத்தார். நினைத்ததும் கண் கலங்கிவிட்டது. கைக்குட்டையை எடுத்துத் தும்முவதுபோல் துடைத்துக்கொண்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. "சாயங்காலத்துக்குள்ள ஏதாவது கடிச்சா போதும், பிழைச்சுக்கும். கடிக்கலைன்னா எனக்குப் போன் பண்ணுங்க" என்று சொல்லி டாக்டர் அனுப்பிவைத்தாள்.

வீட்டுக்கு வந்து, சமையலறைத் தரையில் துண்டை விரித்து துரையைப் படுக்கவைத்தார். புல்லைக் கொடுத்தார், கீரையைக் கொடுத்தார். மூக்குகூட அசையவில்லை. கேரட்டைச் சின்னத் துண்டாக நறுக்கி முன்னால் வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அப்போது போன் அடித்தது; துரையை அந்தக் கோலத்தில் பார்க்கத் தைரியமில்லாமல் அவள் வீடியோ இல்லாமல் கூப்பிட்டாள்.

"சாப்பிட்டுச்சா?"

"இல்ல," என்றார். அது உண்மைதான்.

"கொஞ்சம்கூடவா?"

"எதையும் தொடல. அப்படியே கிடக்கு."

அந்தப் பக்கம் குரல் இறங்கியது. "நான் அன்னைக்கு விளையாட்டுக்குத்தான் சொன்னேன். ஆனா இப்ப நிஜமாவே கேக்கறேன். கிளம்பட்டுமா?"

ஆமாம் என்று சொல்ல அவர் வாயெடுத்தார். அந்த நேரம் பார்த்து துரை தலையைத் தூக்கியது. கேரட்டை முகர்ந்தது. இரண்டு நிமிஷம் பொறுக்கக் கூடாதா இந்தத் துரை?

"அசையவே இல்லையா?" என்று கேட்டாள் அவள்.

முயலைப் பார்த்துக்கொண்டே, "அசையவே இல்ல" என்றார்.

கரக், கரக், கரக். அவ்வளவு சின்ன வாயிலிருந்து அவ்வளவு பெரிய சத்தம். போனின் வாயைப் பொத்தினார். பொத்தி என்ன பயன்?

"என்ன சத்தம் அது?"

அவர் போனை இன்னும் இறுகப் பொத்தினார்.

"உங்களைத்தான் கேக்கறேன். அங்க யாரு திங்கறது?"

"துரைதான்," என்றார். "இப்பதான் ஆரம்பிச்சுது. சத்தியமா முன்னாடி திங்கல."

"அப்புறம் ஏன் அசையலைன்னு சொன்னீங்க?"

இனிமேல் ஒளிந்துகொள்ள அவருக்கு ஒரு இடமும் இல்லை. "அசையலைன்னா நீ வருவியேன்னுதான்" என்றார்.

ஏதோ திட்டப்போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டார். அவள் திட்டவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"ரெண்டு தடவை தேதியை மாத்தினது யாருன்னு நினைச்சீங்க?" என்றாள். "பொண்ணு டிக்கெட் போட்டுட்டுத்தான் இருந்தா. அப்பா கூப்பிட்டாரான்னு கேட்டா. இல்லைன்னேன். நான் இல்லாததே தெரியாத மாதிரி, அவசரமே இல்லன்னு அனுப்பினீங்க. கூப்பிடாத வீட்டுக்குள்ள எப்படி வந்து நிக்கறது? கூப்பிடட்டும், அப்புறம் போறேன்னு நான்தான் தள்ளிப்போடச் சொன்னேன்."

துரை கேரட்டைத் தின்று முடித்துவிட்டது. வீட்டில் வேறு சத்தமே இல்லை. அவர் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"வந்துடும்மா," என்றார். "என்னால முடியல."



"சரியா கேக்கல," என்றாள் அவள். "இன்னொரு தடவை சொல்லுங்க."

நன்றாகவே கேட்டிருக்கும் என்று அவருக்குத் தெரியும். இன்னொரு தடவை சொன்னார்.