மூன்றாம் நிறுத்தத்தில் என் குரல்

பழவேற்காட்டில் டச்சுக் கல்லறை வாசலிலும், கோட்டை இருந்த மேட்டிலும், படகுத்துறையிலும் இப்போது கம்பம் நட்டுப் பலகை மாட்டியிருக்கிறார்கள். பலகையில் உள்ள கட்டத்துக்கு நேராகக் கைபேசியைக் காட்டினால் ஒரு கிழவன் பேசுவான், நிதானமாக, நல்ல உச்சரிப்போடு. அந்தக் கிழவன் நான்தான். பொன்னேரிக் கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன், பிறந்தது ஏரிக்கரைக் குப்பத்தில் என்பதால் எழுதிப் பேசச் சுற்றுலாத் துறையினர் என்னைப் பிடித்தார்கள்.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று பார்த்துத்தான் எழுதினேன். ஒருநாள் கல்லறை வாசலில், தூணாக நிற்கும் இரண்டு கல் எலும்புக்கூடுகளுக்கு முன்னால் எழுதியதை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். தோளில் வலையோடு என் பால்ய நண்பன் அந்தப் பக்கம் வந்தான்.

"இன்னா வாத்தி, எலும்புக்கூட்டுக்குப் பாடம் எடுக்கிறியா? உன் கிளாஸ் பசங்க மாரியே அசையாம கீது பாரு!"

நண்டுக்கூடையோடு போன பெண்கள் நின்றுவிட்டார்கள். "அதுங்க செத்ததே இவரு பாடம் கேட்டுதாண்ணா!" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எழுபது வயது தாண்டியும் அவன் இடுப்பளவு நீரில் நின்று இடது கையால் வலை வீசுவான். வலை வட்டமாக விரிந்து விழும். எங்கள் பக்கத்தில் இடது கையால் வீசுபவன் அவன் ஒருவன்தான். எனக்கு எந்தக் கையாலும் வராது. அதைச் சொல்லி அவன் சிரிக்காத நாள் என் பிள்ளைப் பருவத்தில் இல்லை.

அன்று மாலையே மூன்றாம் நிறுத்தமான படகுத்துறைக்கு எழுதினேன்.

என் அம்மா சாகக் கிடந்தபோது என்னிடம் ஒன்று சொல்லியிருந்தாள். ஒரு புயலுக்குப் பிறகு, வடக்கே தெலுங்குக் கரையிலிருந்து அடித்துவரப்பட்ட படகில் ஒரு குழந்தை மட்டும் உயிரோடு கிடந்ததாம். பிள்ளையில்லாத ஒரு தம்பதி அதைத் தங்கள் பிள்ளையாக வளர்த்தார்கள். அப்போது நான் கைக்குழந்தை, அம்மா எங்கள் இருவருக்கும் பால் கொடுத்தாள். தெரிந்தவர்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டே செத்துப்போனார்கள். "உன்னோட போவட்டும்" என்றாள்.

காரணம் இருந்தது. முகத்துவாரத்தில் மீன் ஏறும் இடத்தை நாங்கள் பாடு என்போம். குப்பத்தில் தகப்பன் வழியாகப் பிறந்தவர்கள் மட்டும் முறை வைத்து அங்கே வலை கட்டலாம். வந்தேறிக்குப் பாடு கிடையாது, அவன் மகனுக்கும் கிடையாது. இது எனக்கு நன்றாகத் தெரியும்.

பெயர் போடவில்லை. "அந்தக் குழந்தை இன்றும் இதே ஏரியில் இடது கையால் வலை வீசுகிறது" என்று முடித்தேன். பதிவு செய்தவர்கள் கைதட்டினார்கள்.

தொடக்க நாளில் சென்னையிலிருந்து வந்த ஓர் இளம் தம்பதியைப் படகில் அழைத்துப் போனேன். படகு என் நண்பனுடையது; முன்னால் உட்கார்ந்து இடது கையால் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தான். பின்னால் கோல் ஊன்றியவன் அவன் மனைவியின் தம்பி. காற்றில் சரியாகக் கேட்கவில்லை என்று அந்தப் பெண் கைபேசியைச் சத்தமாக வைத்தாள். மூன்றாம் நிறுத்தம் தொடங்கியது. நான் நிறுத்தச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவன் முகத்தைப் பார்க்க வசதியாகத் திரும்பி உட்கார்ந்தேன்.

"ஐயா, நீங்களும் இடது கைதானே! அந்தக் குழந்தை நீங்களா?" அவள் படம் எடுத்தாள்.

"மாமா, நீ அடிச்சினு வந்த சரக்கா?" மச்சினன் சிரித்தான். யாரும் சேர்ந்து சிரிக்காததால் அவன் சிரிப்பு நின்றது.

என் நண்பன் என்னைப் பார்த்தான். "டேய், இது உன் கொரலுதான?"

"ஆமாம்."

"அப்போ எங்க நைனா எனக்கு நைனா இல்லியா?"

நான் பூநாரைகள் நின்ற பக்கம் கைகாட்டி, அவை எங்கிருந்து வருகின்றன என்று அந்தத் தம்பதிக்கு விளக்கினேன்.

மச்சினன் வாய் சும்மா இருக்கவில்லை. ஊர்க்கூட்டம் போட்டு என்னைக் கூப்பிட்டார்கள். சாட்சி என்று வேறு யாரும் உயிரோடு இல்லை. தலைவர் கெஞ்சாத குறையாகச் சொன்னார்: "வாத்தியாரே, சும்மா கட்டுன கதைனு ஒரு வார்த்த சொல்லிடுங்க. அல்லாரும் எய்ந்து சாப்புடப் போலாம்."

அவன் கெஞ்சுவான் என்று காத்திருந்தேன். ஒருமுறை கெஞ்சியிருந்தால் கதை என்றே சொல்லியிருப்பேன். அவன் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

"நான் பதிவு செய்ததில் பொய் எதுவும் இல்லை" என்றேன்.

அவன் பாடு போனது. மகனுடையதும் போனது. மகன் குடும்பத்தோடு கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். அப்பனோடு பேசுவதில்லை என்று கேள்வி.

சில மாதங்கள் கழித்துப் படகுத்துறைக்குப் போனேன். மூன்றாம் நிறுத்தத்தை நீக்கச் சொல்லப் போகிறேன் என்று அவனிடம் சொல்லி மன்னிப்புக் கேட்பதாக எண்ணம். கம்பத்துக்குப் பக்கத்தில் முழங்கால் நீரில் நின்றிருந்தான். கரையில் ஐந்தாறு பேர் காதில் கருவியோடு காத்திருந்தார்கள். மீன் இல்லாத இடம் அது.

சொன்னேன். அவன் வலையை உதறிக்கொண்டே கேட்டான்.

"அய்ச்சிடாத."

"ஏன்?"

"அத்தக் கேட்டுட்டுதான் என்னைத் தேடினு வரானுங்க. வீசிக் காட்டுனா ஏதோ குடுக்கறாங்க. பாடு ஒண்ணு இருந்துச்சு, அத்தப் புடுங்கன. இத்தயும் புடுங்கணுமா?"

மன்னிப்பு என்ற சொல்லை நான் எடுக்கவே இல்லை. கரையில் ஒருவர் காதுக் கருவியைச் சரிசெய்துகொண்டு, "ஐயா, அந்த இடம் வந்திருச்சு, வீசுங்க" என்றார்.

அவன் இடது கையால் வீசினான். வலை வட்டமாக விரிந்து காலி நீரில் விழுந்தது.