அனுமதி மறுக்கப்பட்ட குரல்

மடிக்கணினித் திரையில் வந்த ஆங்கில வரியைப் பிரதம லிகிதரின் மகள்தான் தமிழில் சொன்னாள். “இதக் கேக்க ஒங்களுக்கு அனுமதி இல்லன்னு வருது, அப்பா.” அவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு தாமும் ஒருமுறை படித்தார். பிறகு கைபேசியில் எழுதி எங்களிடம் நீட்டினார்: “பேசுறது நான்தானே. யார்கிட்ட அனுமதி கேக்கணும்?”

கண்டியில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் அலுவலக எழுத்தர்களுக்கெல்லாம் தலைவரான பிரதம லிகிதர் அவர். தொண்டையில் புற்றுநோய் என்று தெரியவந்த நாட்களில் மகள் அப்போதுதான் நடை பழகிக்கொண்டிருந்தாள். பேராதனை ஆஸ்பத்திரியில் குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்றார்கள். அதற்கு முந்திய வாரம் நகரத்தில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனார். துணைக்கு நான் போயிருந்தேன். மகளின் பெயரைத் தேர்ந்தெடுத்த காரணம், ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டத்தில் தான் வளர்ந்த லய வீடு, ஒரு நரிக் கதை என்று தோன்றியதையெல்லாம் பேசினார். நடுவில் இருமினார். அதை வெட்டிவிடலாமா என்று பதிவுசெய்தவர் கேட்டதற்கு, “இருக்கட்டும் தம்பி, அதுவும் நான்தானே” என்றார்.

மகள் விவரம் தெரிந்தபின் கேட்கட்டும் என்று கூடத்தில் பதிந்து கொடுத்த சீடியை, அந்த இறுவட்டை, அலுமாரியில் வைத்தார்கள். எதற்கும் இருக்கட்டுமென்று அவர் மனைவி அதை வீட்டுக் கணினியிலும் ஏற்றினார். அதை ஏற்றிய மென்பொருள் யாரையும் கேட்காமலே ஒவ்வொரு பதிவுக்கும் பூட்டுப் போட்டு, அந்த ஒரு கணினியில் மட்டுமே ஒலிக்கும்படி செய்திருந்தது அப்போது எங்களுக்குத் தெரியாது. சில வருடங்களில் மனைவி காலமானார். கண்டியின் ஈரத்தில் இறுவட்டில் பூஞ்சணம் பிடித்து மேற்பூச்சு உரிந்துபோயிற்று. மின்னல் தாக்கிக் கணினியும் போனது. பழுதுபார்ப்பவர் எப்படியோ பதிவுகளை மீட்டு, மகளின் மடிக்கணினியில் போட்டுக் கொடுத்தார். எல்லாம் இருந்தன. எதுவும் பேசவில்லை.

அந்த மென்பொருள் நிறுவனத்துக்கு நானே எழுதினேன். அனுமதி வழங்கும் சேவையை நிறுத்திவிட்டார்களாம். மூல இறுவட்டிலிருந்து மீண்டும் ஏற்றிக்கொள்ளட்டுமாம். திருடர்களைத் தடுக்கத்தான் இந்தப் பூட்டு என்கிறார்கள். பஸ் நிலையத்தில் விற்ற திருட்டு இறுவட்டுகள் எந்தத் தடையுமில்லாமல் பாடிக்கொண்டுதான் இருந்தன. தன் பிள்ளையிடம் பேசிய மனிதரின் வாயைத்தான் அந்தப் பூட்டு அடைத்தது. நோய் ஒருமுறை எடுத்த குரலை இன்னொருமுறை எடுத்துக்கொள்ள எங்கோ இருக்கும் ஒரு நிறுவனத்துக்கு யார் உரிமை கொடுத்தார்கள்?

அந்தப் பதிலை வாசித்துக் காட்டிய அன்று மகள் மடிக்கணினியை மூடினாள். “அன்ட்டி, நீங்க கேட்டிருக்கீங்கதானே. அப்பா குரல் எப்பிடி இருக்கும்?”

கனத்த குரல் என்றேன். அது சரியாக இல்லை. அவ்வளவு கனமில்லை, கொஞ்சம் கரகரப்பு என்றேன். அதுவும் சரியில்லை. அவர் சொன்ன வார்த்தைகள் நினைவுக்கு வந்தன, ஓசை வரவில்லை. ஏதாவது எழுதி உதவுவாரோ என்று அவர் பக்கம் திரும்பினேன். கைபேசியைக் கீழே வைத்துவிட்டு, அடுத்து நான் என்ன சொல்லப்போகிறேன் என்று மகளைப் போலவே அவரும் காத்திருந்தார்.