கொடுக்காத காகிதம்

அன்றும் லக்ஷ்மம்மா பெண்களை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொரு கையாக இழுத்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். மைசூரின் ஓரத்தில், மில் தொழிலாளர்களின் லைன் வீடுகளை ஒட்டியிருந்த முனிசிபல் ஹைஸ்கூலில் அவளுக்கு நர்ஸ் வேலை. திங்கட்கிழமை என்றால் முதலில் நகம், பிறகு பேன்.

"நர்ஸம்மா வெட்டினா நகத்தோட விரலும் கொஞ்சம் குறையும்" என்று ஒன்பதாம் வகுப்பு சொர்ணலதா பின்னால் திரும்பிச் சொன்னாள். வரிசை சிரித்தது. லக்ஷ்மம்மா அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று நீர்க்கொப்புளங்கள். ரவிக்கைக் கையை ஏற்றிவிட்டுப் பார்த்தால் அங்கேயும் இரண்டு. சின்னம்மை.

அது 1957, பிப்ரவரி மாதம். சுதந்திரம் வந்த மறுவருஷம் தொடங்கிய பள்ளி அது. அதற்கு முன் லைன் வீட்டுப் பெண்கள் மிடில் ஸ்கூலோடு நின்றுவிடுவார்கள். அடுத்த ஹைஸ்கூல் மூன்று மைல் தள்ளியிருந்தது. இப்போது பையன்களோடு பதினைந்து பெண்களும் படித்தார்கள். ஆனாலும் பிள்ளைகள் போதவில்லை என்று கல்வி அலுவலகம் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. வியாழக்கிழமை அதிகாரி வருவார், ஐம்பது தலை இல்லாவிட்டால் மூடிவிடுவார்கள் என்று ஹெட்மாஸ்டர் பராசரன் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

அம்மையைக் கண்டால் நர்ஸ் ஒரு படிவம் எழுத வேண்டும். ஒன்று சுகாதார அலுவலகத்துக்கு, நகல் ஹெட்மாஸ்டருக்கு. காகிதம் கிடைத்ததும் அலுவலகம் வண்டி அனுப்பிப் பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போகும். லக்ஷ்மம்மா இரண்டையும் எழுதிப் பையில் வைத்துக்கொண்டு, சொர்ணலதாவைத் தானே வீட்டுக்கு அழைத்துப் போனாள்.

வாசலில் ஏற்கெனவே வேப்பிலை செருகியிருந்தது. அவள் தம்பிக்கு இரண்டு நாளாகவே போட்டிருந்ததாம். தகப்பன் முனிராஜ் பையைப் பார்த்ததுமே புரிந்துகொண்டான்.

"நர்ஸம்மா, ஆத்தா வீட்டுக்கு வந்திருக்கிறா. அவள வண்டியில ஏத்தி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினா எங்க குடும்பத்துக்கு ஆகுமா? நீங்களே சொல்லுங்க."

லக்ஷ்மம்மாவுக்கு அந்தப் பயம் இல்லை. ஆனால் பயிற்சிக் காலத்தில் ஒரு தொற்றுநோய் வார்டில் வேலை பார்த்தவள் அவள். முப்பது கட்டிலுக்கு ஒரு குழாய். பெரியம்மையும் சின்னம்மையும் ஒரே தாழ்வாரத்தில். இந்தப் பிள்ளைகள் வீட்டில் கிடந்தால் பத்து நாளில் எழுந்துவிடும். சொறியவிடாதே, துணியைக் கொதிக்க வை, யாரையும் வெளியே விடாதே என்று சொல்லிவிட்டு வந்தாள். காகிதம் பையிலேயே இருந்தது.

யாரையும் வெளியே விடாதே என்று அவள் சொல்லியிருக்கவே வேண்டாம். ஒரு வீட்டில் அம்மை வார்த்தால், மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை அந்த லைனில் எந்த வீட்டுப் பிள்ளையும் படி இறங்காது. இது அவளுக்குத் தெரியாததல்ல. வியாழக்கிழமையைத்தான் அவள் நினைக்கவில்லை.

வியாழக்கிழமை முப்பத்தொரு தலை. அதிகாரி பொறுமையான மனிதர். மீதிப் பேர் எங்கே என்று இரண்டு தரம் கன்னடத்தில் கேட்டார். பராசரனுக்குச் சொல்லத் தெரியவில்லை, லக்ஷ்மம்மாவைப் பார்த்தார். அவள் துண்டை மடித்துக்கொண்டிருந்தாள். அதற்குள் லைனில் ஏழு பிள்ளைகள் படுத்திருந்தன. வாயைத் திறந்தால் சாயங்காலமே வண்டி வந்து நிற்கும். அவள் துண்டை இன்னொரு மடிப்பு மடித்தாள்.

அன்று மாலை அவளே போய் பராசரனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சத்தம் போடவில்லை.

"எங்கிட்ட அந்த நகலை மட்டும் கொடுத்திருந்தா பத்து நாள் லீவு விட்டிருப்பேனே, லக்ஷ்மம்மா. இன்ஸ்பெக்ஷனே தள்ளிப் போயிருக்கும்."

நகலை மட்டும் கொடுத்திருக்கலாம். அது அவளுக்குத் தோன்றவே இல்லை. இரண்டு காகிதமும் சேர்ந்தே போகும் என்று பழகிய கை.

பிள்ளைகள் ஏழும் எழுந்து நடமாடின. ஒன்றுக்கும் சீழ் வைக்கவில்லை. அதில் அவளைக் குறை சொல்ல முடியாது.

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில் மூடச் சொல்லி உத்தரவு வந்தது. பராசரன் தாழ்வாரத்தில் நின்று படித்தார், சர்டிபிகேட்டுகளைக் கொடுத்தார், கதவைப் பூட்டினார். பையன்கள் தூரத்துப் பள்ளிக்கு யார் சைக்கிளில் யார் ஏறுவது என்று அங்கேயே சண்டை போட ஆரம்பித்தார்கள். பெண்களின் தகப்பன்மார் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்கள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு லக்ஷ்மம்மா லைன் வீடுகளுக்குப் போனாள். பெண்களை ஒன்றாகச் சேர்த்துத் தானே நடத்திக் கூட்டிப் போவதாகச் சொல்லத்தான். முதலில் முனிராஜ் வீடு. சொர்ணலதா ஊதுபத்தி உருட்டும் பலகையின் முன் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் மணிக்கட்டுவரை கரிமாவு அப்பிக் கறுப்பு.

முனிராஜ் எழுந்து நின்றான். மூன்று மைல் பொட்டப்பிள்ளையை அனுப்ப முடியாது, நீங்கள் எத்தனை நாள் நடப்பீர்கள் என்றான். பிறகு, "நீங்க செஞ்ச உபகாரத்த நாங்க மறக்கமாட்டோம், நர்ஸம்மா" என்றான்.

அவள் பலகைக்கு எதிரே உட்கார்ந்து, பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து, சொர்ணலதாவின் கையை இழுத்து மாவு அடைந்திருந்த நகங்களை வெட்டினாள். இந்தத் தரம் அந்தப் பெண் மற்றக் கையைத் தானே நீட்டினாள். பத்து விரலும் முடிந்தபின் லக்ஷ்மம்மா எழுந்து அடுத்த வீட்டுக்குப் போனாள்.